ஒரே வீட்டுத் துணி

அந்த ஆளை அக்கா வீட்டுக்கு அனுப்பியவன் நான்தான். வேறு யாராவது வந்து சொல்லி நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இதில் நான் செய்தது அது ஒன்று மட்டுமல்ல. மற்றதைச் சொல்ல நா எழவில்லை, இருந்தாலும் அது வரும் இடத்தில் அதையும் சொல்வேன்.

என் தையல் கடை பெரிய வீட்டின் இரும்புக் கேட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. இயந்திரத்தை மிதித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவது அந்த வீடுதான். தெருப்பக்கம் மட்டும் பதினான்கு சன்னல். போர்க்காலத்தில் படைக்காரர்கள் அதை எடுத்துத் தலைமையகமாக வைத்துக்கொண்டார்கள். ஒரு மாகாணத்தின் சண்டை முழுவதும் அந்தக் கூடத்து மேசையில் போட்ட வரைபடத்தை வைத்துத்தான் நடந்ததாம். போர் முடிந்ததும் படை போய்விட்டது. வீட்டுக்காரம்மா திரும்பி வரவில்லை, வாரிசு என்று யாரும் தலைகாட்டவும் இல்லை. கொஞ்ச காலம் அரசாங்கம் அதில் மூட்டைகளை அடுக்கி வைத்தது, பிறகு அதையும் எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டுப் போனது. ஆனால் பின்கட்டு ஒரு நாளும் பூட்டிக் கிடந்ததில்லை. அங்கே அக்கா குடும்பம் துணி வெளுத்துக்கொண்டிருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. நான் கடை போட்ட புதிதில், என் மனைவி பிரசவத்துக்குப் போன மூன்று மாதமும் எனக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தவள். அன்றிலிருந்து அக்கா. அவள் வீட்டுக்காரர் எனக்கு அத்தான். துவைப்பது அத்தான் வேலை, அடையாளம் போட்டு இஸ்திரி போடுவது அக்கா வேலை. இரண்டு விடுதி, ஒரு மருத்துவர் வீடு, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் என்று துணிக்குக் குறைச்சலே கிடையாது. விடிவதற்குள் செம்பு அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். சோடாவும் சவுக்காரமும் போட்ட அந்த வெந்நீரில் கையை விட்டு விட்டு அத்தானின் விரல்கள் வெடித்துப் போயிருந்தன. ஐம்பத்தைந்து வயதிலேயே வலது கையை முழுக்க மடக்க முடியாது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுவாள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் எதைப் பற்றியுமே அதிகம் பேசுகிறவர் இல்லை.

அந்த ஆள் வந்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். மூக்குக் கண்ணாடி, மெலிந்த உடம்பு, தோளில் வார் அறுந்த பை. வாரைத் தைத்துக்கொள்ளத்தான் என் கடையில் ஏறினார். பெரிய வீட்டை நினைவகமாக்க அரசாங்கம் முடிவு செய்திருப்பதாகவும், அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு தன்னுடையது என்றும் சொன்னார். தெரு அவருக்கு அன்றைக்கே சரித்திரக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது.

"உள்ள விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

"பின்கட்டுல எங்க அக்கா இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாம அந்த வீட்டுல ஒரு ஆணிகூட கிடையாது," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அதே வாரத்தில் அக்காவுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். சாரம் இதுதான். போருக்கு முன்பே வீட்டுக்காரரின் சம்மதத்தோடு குடியிருந்தவர்கள் என்றால், இருக்கிற இடத்தை அவர்கள் பெயருக்கே எழுதிக்கொடுப்பார்கள். படைக்கு வேலை செய்ய வந்து தங்கியவர்கள் என்றால் காலி செய்ய வேண்டும். விசாரணை வைத்து முடிவு செய்வார்கள்.

அக்காவுக்குப் பயமே இல்லை. அவள் மாமனார் போருக்கு இரண்டு வருஷம் முன்பே அந்த வீட்டுக்குத் துணி வெளுக்க வந்தவர். படை வந்து வீட்டைக் கேட்ட அன்று, வீட்டுக்காரம்மா வண்டியில் ஏறும்போது அவரைக் கூப்பிட்டு, "பின்கட்டு உனக்கு, நீ எங்கேயும் போகாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வாய்ச்சொல்தான். மாமனார் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பிள்ளையைவிட மருமகள்தான் அதை அதிகம் கேட்டவள். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவருக்கு வாயில் ஊட்டியவள் அவள்.

சரித்திரக்காரர் தினமும் வந்தார். மழை விடாமல் பெய்ததால் துணி காயவில்லை. இஸ்திரி அறைக்குள்ளேயே கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தாள் அக்கா. அந்த ஈரத் துணிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். எனக்கும் மழையில் வேலை குறைவு. நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். அக்கா இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதியபடியே பேசுவாள். அவித்த உருளைக்கிழங்கை உப்பும் மிளகும் தூவித் தட்டில் வைப்பாள். அந்த மனிதர் நன்றாகச் சாப்பிடுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"தளபதி எந்த அறையில படுத்திருந்தாருக்கா?" என்று கேட்பார். இரண்டாம் நாளிலேயே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். எனக்கு அது உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

"மாடியில, தெக்குப் பக்கம். அந்தக் கதவுல பாருங்க, மேல ஒரு ஓட்டை இருக்கும். டெலிபோன் கம்பி இழுத்தது. அவர் பேரைச் சொன்னாலே பிள்ளைங்க அழுகையை நிறுத்துமாம். எங்க மாமனார் சொல்லுவாரு, ஊரையே நடுங்க வச்ச மனுஷனோட பனியன்ல மூணு ஓட்டைன்னு."

சரித்திரக்காரர் சிரித்துச் சிரித்து எழுதினார். "அதைத் தைக்கக்கூட ஆளில்லையா?"

"தளபதி பனியன்ல ஓட்டை இருக்குன்னு யாருங்க அவர்கிட்ட போய்ச் சொல்றது? எங்க மாமனார் பாட்டுக்குத் துவைச்சு மடிச்சு வச்சிருவாரு."

இப்படித்தான் ஒருநாள் காற்சட்டைக் கதை வந்தது. அந்தக் கதை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அக்கா சொன்னால் தனி ருசி.

"படை வந்த முதல் மாசம். நாப்பத்தாறு அதிகாரிங்க துணி. எல்லாம் ஒரே நிறம், ஒரே தையல். எங்க மாமனார் பாட்டுக்கு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வெளுத்து, பெட்டி போட்டு, கையில வந்ததை வந்த அறையில வச்சுட்டாரு. அதுல ஒருத்தர் இந்தக் கதவுல நுழையாத உடம்பு. இன்னொருத்தர் கம்பு மாதிரி. காலையில அணிவகுப்புக்கு மணி அடிச்சாச்சு. கம்பு மாதிரி இருந்தவரு காற்சட்டையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. குண்டு ஆளு வரவே இல்ல. எப்படி வருவாரு, முட்டிக்கு மேல ஏறல!"

நான் நூறு தடவை கேட்டதுதான், அன்றும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தான்கூட அண்டாப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

"அப்புறம்?" என்றார் சரித்திரக்காரர்.

"அப்புறம் என்ன, மாமனாரை முற்றத்துல வெயில்ல ரெண்டு மணி நேரம் நிக்க வச்சாங்க. அன்னைக்குத்தான் அடையாளம் போட ஆரம்பிச்சாரு. ஆளுக்கு ஒரு அடையாளம், காலர் உள்பக்கம், அழியாத மையில. இருங்க காட்டறேன்."

மரப் பெட்டியிலிருந்து அக்கா ஓர் அடையாளத் துணியை எடுத்து வந்தாள். கை அகல வெள்ளைத் துணி, பழுத்து மஞ்சளாகியிருந்தது. யாருக்கு என்ன அடையாளம் என்று மறந்துபோகாமல் இருக்க வெளுக்கிறவர்கள் இப்படி ஒரு துணியில் எல்லா அடையாளத்தையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வார்கள். ஒரு கோடு, இரண்டு கோடு, வட்டம், வட்டத்துக்குள் புள்ளி. நாற்பத்தாறும் இருந்தது. ஆனால் முதல் வரிசை காலியாக இருந்தது.

"இது ஏங்க்கா காலியா இருக்கு?"

"அதுதான் வீட்டுக்காரம்மா வீடு," என்றாள் அக்கா. "ஒரே வீட்டுத் துணிக்கு யாராவது அடையாளம் போடுவாங்களா? நாலு வீட்டுத் துணி கலக்கும்போதுதானே எது யாருதுன்னு தெரியணும். அதுவரைக்கும் அவருக்கு ஒரே வீடுதான். முதல்ல அவங்க வீட்டுக்கு இடம் விட்டுட்டு, அதுக்குக் கீழதான் படைக்காரங்களுக்கு எழுதினாரு. அதனாலதான் முதல் மாசம் அவ்வளவு கூத்து. பழக்கம் இல்லையே, பாவம்."

சரித்திரக்காரர் பேனாவை மூடிவிட்டு அந்தக் காலி வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். "பிரமாதம்க்கா," என்றார். "இதைவிட என்ன சாட்சி வேணும்?"

இந்த வார்த்தையை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அந்தத் துணியை அவர் கேட்டதும் அக்கா காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "விசாரணையில இதை வச்சே பேசிடலாம். கவலையே படாதீங்க. நான் எழுதுறதைத்தான் அவங்க படிப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அன்று முகமெல்லாம் பல். மீதி உருளைக்கிழங்கு அத்தனையும் என் தட்டுக்கு வந்தது.

இனிமேல்தான் நான் தயங்குகிற இடம்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது சரித்திரக்காரர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். நினைவகத்துக்குத் திரைச்சீலை, பதினான்கு சன்னலுக்கும். அதோடு காவலாளிகளுக்கு மூன்று சோடி சீருடை. இரண்டு பேர் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள் ஒரு மத்தியான மழையில் குடையை மடக்கிக்கொண்டு படியேறினார். அத்தான்.

அவர் ஏதோ கிழிந்த துணி கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று கைகளைக் கொஞ்சம் அகட்டினார்.

"அளவு எடு," என்றார்.

நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"என்ன பாக்குற? எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்காங்க. கேட்டுல உக்காரணும். அண்டா கிடையாது, சோடா கிடையாது."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நேரம் வரும்போது நானே சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறந்துடாத." பிறகு கொஞ்சம் இறங்கின குரலில், "பொத்தான் வேண்டாம், கொக்கி வச்சுக் குடு. என்னால போட முடியாது," என்றார்.

நான் ஒன்றுமறியாத பிள்ளை இல்லை. நினைவகத்தில் அவருக்கு வேலை கொடுக்கிறார்கள் என்றால் சும்மா கொடுக்க மாட்டார்கள் என்று தெரியாதா எனக்கு? தெரியும். தோள் அளவு எடுக்கும்போதே தெரியும். ஆனால் அந்த விரல்களைப் பார்த்தேன். பதினான்கு சன்னலுக்கான துணிச் சுருள் சுவரில் சாத்தி வைத்திருப்பதையும் பார்த்தேன். எதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன் என்று இன்றைக்குக் கேட்டால் முன்னதைத்தான் சொல்ல ஆசை. அன்றிலிருந்து பத்து நாளும் அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

விசாரணை பெரிய வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. வரைபடம் விரித்திருந்த அதே மேசையைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். அதிகாரி நல்ல மாதிரியான ஆள், யாரையும் அதட்டவில்லை. அக்கா தன் கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக் கஞ்சி மொடமொடக்க வந்திருந்தாள். அத்தான் சுவரோரமாக, கதவுக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில். சரித்திரக்காரர் அதிகாரிக்கு இடது கைப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

சரித்திரக்காரர் எழுதிய அறிக்கையை எழுத்தர் படித்தார். "பின்கட்டில் தற்போது வசிப்பவரின் தந்தை, இவ்வில்லத்தில் தலைமையகம் அமைந்த பிறகு படையினரால் சலவைப் பணிக்கு அமர்த்தப்பட்டவர். தொழிலுக்குப் புதியவராதலால் முதல் மாதத்தில் துணிகளை மாற்றிக் கொடுத்துத் தண்டனை பெற்றார். அதன் பின்னரே துணிகளுக்கு அடையாளமிடக் கற்றுக்கொண்டார். அவருடைய அடையாளத் துணியில் படையினரின் அடையாளங்கள் மட்டுமே காணப்படுகின்றன."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாரையோ பற்றிப் படிக்கிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். "தொழிலுக்குப் புதியவர்" என்ற இடத்தில்தான் நிமிர்ந்தாள்.

"யாரு, எங்க மாமனாரா? தொழில் தெரியாதவரா?"

"நீங்க சொன்ன கதைதானேம்மா இது," என்றார் அதிகாரி. "துணி மாறிப் போனது, வெயில்ல நிக்க வச்சது. நடந்ததா இல்லையா?"

"நடந்துச்சுங்க. ஆனா தொழில் தெரியாம நடக்கலையே! ஐயா, உங்க வீட்டுத் துணி எல்லாம் உங்க வீட்டுக் கொடியில காயுது. அதுல எது உங்களுதுன்னு எழுதியா வச்சிருக்கீங்க? அவரு அதுவரைக்கும் ஒரே வீட்டுக்கு வெளுத்தவரு. இந்த வீட்டுக்கு. நாப்பத்தாறு பேர் துணி வந்ததும் திண்டாடிப் போயிட்டாரு. வேற எங்கயாவது நாலு வீட்டுக்கு வெளுத்துட்டு அன்னைக்கு வந்தவரா இருந்தா, வரும்போதே அடையாளம் போடத் தெரிஞ்சிருக்குமே. அவரு தடுமாறினதே அவரு இங்கயே இருந்ததாலதான். அந்தத் துணியில முதல் வரிசையைப் பாருங்க, காலியா இருக்கும்."

அதிகாரி துணியை எடுத்துப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். "காலியா இருக்கிறதை வச்சு நான் என்னம்மா எழுத முடியும்?"

"அது வெளுக்கிறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க ஐயா. தம்பிக்கும் தெரியும்." அக்கா சரித்திரக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, நான் சொன்னேன்ல? நீங்ககூட இதைவிட என்ன சாட்சி வேணும்னு கேட்டீங்கல்ல? சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா அப்படிச் சொன்னது உண்மைதான் சார். ஆனா அது குடும்பத்துக்குள்ள வழிவழியா வர்ற பேச்சு. உறுதிப்படுத்த முடியல. சரித்திரம்னு எழுதும்போது கிடைச்சதை வச்சுத்தான் எழுத முடியும்."

"என்கிட்டதானே எல்லாம் கிடைச்சுது!" என்றாள் அக்கா. "பனியன்ல ஓட்டை இருந்தது குடும்பப் பேச்சு இல்லையா? அதை மட்டும் எழுதிக்கிட்டீங்க?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அதிகாரி ஒரு தாளைப் புரட்டினார். அவர் குரலில் இரக்கம்தான் இருந்தது. "அம்மா, இதுல பேசுறதுக்கு ஒண்ணுமில்ல. போன மாசமே உங்க வீட்டுக்காரரே எழுதிக் குடுத்துட்டாரே. தன் தகப்பனார் படையோட வந்தவர்தான், பின்கட்டுல தனக்கு உரிமை எதுவும் கிடையாதுன்னு. கையெழுத்தும் இருக்கு."

அந்தக் கூடத்தில் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. சன்னலுக்கு இன்னும் திரை மாட்டவில்லை. அக்கா கதவுப் பக்கம் திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவர் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டுக்குத் திரும்பினோம். அக்கா நேராக இஸ்திரி அறைக்குப் போய், மருத்துவர் வீட்டுச் சட்டை ஒன்றை எடுத்து விரித்து, கரி இல்லாத பெட்டியை அதன் மேல் வைத்துத் தேய்த்தாள். இரண்டு தடவை தேய்த்த பிறகுதான் பெட்டி சூடாகவில்லை என்று உணர்ந்து நிறுத்தினாள்.

"எப்பங்க எழுதிக் குடுத்தீங்க?"

"அதைப் பேசி இப்ப என்ன ஆகப் போகுது," என்றார் அத்தான்.

"எப்பன்னு கேட்டேன்."

"அந்தத் துணியை நீ அவர்கிட்ட குடுத்தியே, அதுக்கு மறுநாள். கடைத்தெருவுல பாத்தாரு. பின்கட்டு இல்லாம நினைவகம் முழுசாகாதுன்னாரு. படைக்காரங்களுக்கு வெளுத்த இடம்னு காட்டணுமாம். உங்க பேருக்கு எழுதிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுக்குடுத்தா கேட்டுல வேலை, வயசான பிறகும் சம்பளம் வரும்னாரு. ஒரு நாள் யோசிச்சேன், அப்புறம் போய் எழுதிக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"நீ விட மாட்ட. எங்கப்பா வார்த்தை வார்த்தைன்னு பிடிச்சுக்கிட்டு நிப்ப. எங்கப்பாவுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. இந்தா பாரு." கையை நீட்டினார். விரல்கள் பாதிக்கு மேல் விரியவில்லை. "நீ வீட்டைப் பாத்த. நான் என் கையைப் பாத்தேன். தப்பா?"

அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கை முடியலன்னு நீங்க சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனே," என்றாள். "இந்த வீடா பெருசு? ஒத்த அறை பிடிச்சு, நான் தனியா பெட்டி போட்டு உங்களுக்குச் சோறு போட்டிருக்க மாட்டேனா? கொண்டு போய் அத்தனை பேருக்கு முன்னாடி நிக்க வச்சு, நான் பேசப் பேசக் கேட்டுக்கிட்டு நின்னீங்களே. பேசாதடி, நான் எழுதிக் குடுத்துட்டேன்னு காதுல சொல்லியிருக்கலாமே. அந்த அதிகாரி பாவம் பாத்தாரு என்னை. நீங்க பாக்கல."

அத்தான் எழுந்து அண்டாப் பக்கம் போய்விட்டார். எரியாத அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்ப தெரியும்?"

ஒரு பொய் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் என் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண் அதில் நின்றதும் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "பத்து நாளா," என்றேன். "சீருடைக்கு அளவு குடுக்க வந்தாரு."

"தச்சுட்டியா?"

"தச்சுட்டேன்க்கா."

"சரி," என்றாள். அவ்வளவுதான். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அடுத்த வாரம் போய்த் தேநீர் கேட்டிருப்பேன். அந்தச் சரிக்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை.

காலி செய்ய ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள். அக்கா எட்டே நாளில் கிளம்பினாள். ரொட்டிக்கடைச் சந்தில் ஓர் அறை. தண்ணீருக்குத் தெருக்குழாய். அண்டாவை வைக்க இடம் இல்லாததால் வெளுப்பதை வேறோர் ஆளிடம் விட்டு, இஸ்திரியை மட்டும் வைத்துக்கொண்டாள். அத்தான் பொருட்களைத் தூக்க வந்தார். அக்கா தடுக்கவும் இல்லை, இதை எடுங்கள் என்று கை காட்டவும் இல்லை. அன்றிலிருந்து அவர் கேட்டுப் பக்கத்துக் காவல் அறையிலேயே படுத்துக்கொண்டார். வேலை விதி அப்படி என்று தெருவில் சொன்னார். காலையில் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டு அவர் வாசலில் வந்து உட்காருவதை என் இயந்திரத்திலிருந்தே பார்க்கலாம். வேலையில் குறை சொல்ல முடியாது.

நினைவகம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. நல்ல கூட்டம். மத்தியானம் அக்கா என் கடை வாசலில் வந்து நின்றாள். விசாரணைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"துணைக்கு வர்றியா? உள்ள ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்."

கடையைப் பூட்டக்கூட இல்லை, அப்படியே இறங்கிவிட்டேன். கேட்டில் வேறொரு காவலாளி இருந்தான். கூடத்தில் வரைபடம் விரித்திருந்தார்கள், சிவப்புக் கொடிகள் குத்தி. மாடியில் தளபதியின் கட்டில், கறுப்பு டெலிபோன், சன்னல்களில் என் திரைகள். ஒவ்வோர் அறையிலும் சட்டம் போட்ட அட்டை. அக்கா எந்த அட்டையையும் படிக்கவில்லை. கதவு மேல் இருந்த கம்பி ஓட்டையை மட்டும் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள்.

பின்கட்டுக்கு வந்தோம். இஸ்திரி அறைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள், யாரும் உள்ளே போகாமல் இருக்க. அவள் மேசை அங்கேயே இருந்தது. அதன் மேல் படைக்காரர்களின் சட்டைகளை மடித்து வைத்திருந்தார்கள், நிஜத்தில் அப்படி யாரும் மடிப்பதில்லை. சரித்திரக்காரர் இருபது பேருக்கு நடுவில் நின்று காற்சட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகவே சொன்னார். அக்கா இழுக்கிற இடத்தில் இழுத்தார், அக்கா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். கயிற்றின் அந்தப் பக்கத்து முனையில் அத்தான் நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. எங்களைப் பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண், கையில் குழந்தை வைத்திருந்தவள், பொதுவாகக் கேட்டாள். "படை வர்றதுக்கு முன்னாடி இங்க யாரும் இல்லையா?"

"இல்லைங்க. படையோட வந்தவர்தான்," என்றார் சரித்திரக்காரர்.

"இருந்தோம்," என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "நாங்க இருந்தோம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இங்க வந்தாச்சு."

இருபது தலையும் திரும்பின. சரித்திரக்காரர் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. பக்கத்தில் சீருடையில் நிற்கிறாரே என்று அத்தானைப் பார்த்து, "அப்படிங்களா?" என்றாள்.

அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆமாம் என்று வேண்டாம், தெரியாது என்றாவது. அக்கா அந்த வார்த்தைக்காகத்தான் வந்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டைக் கேட்டு அவள் வரவில்லை.

அத்தான் இரண்டு அடி முன்னால் வந்தார். தோளில் சீருடை சரியாக உட்கார்ந்திருந்தது. முப்பத்தோரு வருஷம் அவளை இந்தா என்றும் ஏய் என்றும் மட்டுமே கூப்பிட்ட மனிதர், முகத்தைப் பார்க்காமல், மற்றவர்களிடம் சொல்கிற அதே பதமான குரலில் சொன்னார்.

"வழியில நிக்காதீங்கம்மா. பின்னால ஆள் வர்றாங்க. கொஞ்சம் நகருங்க."

அக்கா நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன்.